தலைமாடு கிழக்கே

வாடகை வீட்டை விற்கப் போகிறோம், இரண்டு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரரின் கடிதம் வந்தபோது என் மனைவி இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கடிதத்தை வாசித்துவிட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது இப்போது கவலை வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் வருவதில்லை. செத்த வீட்டிலும் நான் அழவில்லை. அதைச் சனம் கதைத்தது என் காதிலும் விழுந்தது.

சிட்னியில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. கலியாணம் கட்டி அங்கே கெல்லிவில்லில் வீடு வாங்கி இருக்கிறாள்.

"அப்பா, நீங்க இஞ்ச வந்திடுங்கோ. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

"பாப்பம்."

"எப்பவும் பாப்பம், பாப்பம். யெஸ்ஸோ நோவோ?"

"பாப்பம் பிள்ளை."

நான் வேலை செய்யும் களஞ்சியத்துக்குச் சிட்னியிலும் ஒரு கிளை உண்டு. மாற்றம் கேட்டால் தருவார்கள். தடை அதுவல்ல. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தகப்பன் போய்க் குடியிருப்பதை எங்கள் ஆட்கள் நல்லதாக எடுப்பதில்லை. இரண்டு நாள், மூன்று நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு வரலாம். மருமகன் தமிழ்நாட்டுப் பிள்ளை, மிகவும் மரியாதையானவர். எனக்கு அதனால்தான் இன்னும் கூச்சம். காலையில் நான் குளியலறைக்குள் இருந்தால் அவர் கதவைத் தட்டமாட்டார். வேலைக்குப் பிந்தினாலும் வெளியே நிற்பார். அவர் அப்படி நிற்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது.

போகாவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே ஆளையும் தொலைபேசியில்தான் பார்க்க வேண்டும். போனால் அவர்கள் வீட்டுக் கதிரை மேசைகளோடு நானும் ஒரு கதிரையாகிவிடுவேன். இரண்டு கிழமை இதையே யோசித்தேன்.

நான் இருந்த ஸ்பிரிங்வேல் வீட்டு வாசலில் என் ட்ரெய்லர் நின்றது. காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற மூடிய தகரப் பெட்டி. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், பின்பக்கம் இரட்டைக் கதவு. சனி ஞாயிறுகளில் நான் வீடுகளுக்குப் புல் வெட்டப் போன காலத்தில் மெஷினை ஏற்றிப் போக வாங்கியது. அதன் பெற்றோல் மணம் என் உடுப்பில் வருகிறது என்று மனைவி உடுப்புகளைத் தனியாகத் தோய்ப்பாள். ஒரு நாள் வேலையால் வந்து காரை நிறுத்தியபோது அந்தப் பெட்டியைப் பார்த்தேன். இதற்குள் ஒரு கட்டிலைப் போட்டால் மகள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம், வாசலில் இருக்கலாம், வீட்டுக்குள் இருக்கத் தேவையில்லை என்று தோன்றியது.

என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவருக்குத் தச்சுவேலையும் கரண்ட் வேலையும் கொஞ்சம் தெரியும். இடைவேளையில் அவரிடம் சொன்னேன்.

"மகளின்ர வீட்டு வாசல்ல பெட்டிக்குள்ள படுக்கப் போறியோ? உனக்கென்ன விசரே?"

"ஓம் அண்ணை."

"எதுக்கு ஓம்? படுக்கிறதுக்கோ, விசருக்கோ?"

"ரெண்டுக்கும்தான்."

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "சனிக்கிழமை வாறன்," என்றார்.

மூன்று சனி ஞாயிறு வேலை செய்தோம். முதலில் பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பெற்றோல் மணம் போனது, புல் மணம் போகவில்லை. களஞ்சியத்தில் குளிர்ச் சாமான்கள் பொதிசெய்து வருகிற வெள்ளை ஸ்பொஞ்சுத் தகடுகளை எறிவார்கள். கேட்டு எடுத்துவந்து சுவரிலும் கூரையிலும் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பலகை அடித்தோம். பழைய கரவான் உடைக்கும் இடத்தில் இரண்டு சின்ன யன்னல் கிடைத்தது. தகரத்தை வெட்டும்போது காது கிழியும் சத்தம். பக்கத்து வீட்டு வியட்நாம் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு எங்களுக்கு ஒரு தட்டில் பழம் வெட்டித் தந்தா. கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். "உள்ளுக்குப் பூட்டுப்பட்டுச் செத்துக் கிடப்பாய்," என்று அண்ணை உள்ளேயும் ஒரு கொளுக்கி வைத்தார். குசினி என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்கதவில் ஒரு பலகையை மடித்து விழுத்தக்கூடிய மாதிரிப் பொருத்தினோம். காஸ் அடுப்பை வெளியே நின்று அதில் வைத்துப் பற்றவைக்கலாம்.

கட்டில் வேலை வந்தபோது அண்ணை பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"அகலம் எவ்வளவு?"

"நாலரை அடி," என்றேன்.

அவர் எழுதவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் எனக்கு விளங்கியது.

"ரெண்டரை காணும் அண்ணை."

"ஓம், காணும்," என்று எழுதினார். மிச்ச இடத்தில் நீளத்துக்கு ஒரு பெட்டி அடித்தோம். அதற்குள் என் உடுப்பெல்லாம் அடங்கியது.

அடுத்தது தலைமாடு. இதில் அண்ணை சரியான கண்டிப்பு. "வடக்க தலை வைக்கக் கூடாது. கிழக்கெண்டால் திறம்," என்று தொலைபேசியில் திசைகாட்டியைப் போட்டு, பெட்டிக்குள் முழங்காலில் நின்று நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கொழுவுகிற முன்பக்கம் கிழக்கே இருந்தது. கொஞ்சம் வடகிழக்குக்குச் சாய்கிறது என்று அவருக்கு மனக்குறை. இரண்டு பேருமாகத் தள்ளி, ஒரு சாண் அளவு திருப்பி, சரியான கிழக்கில் நிறுத்தினோம். பிறகு அந்தப் பக்கத்தைத் தலைமாடாக வைத்துக் கட்டிலை ஆணி போட்டு இறுக்கினோம். தலைமாட்டில் யன்னல்கள், அதற்கு மேலே வாசிக்க ஒரு சின்ன லைட், கண்ணாடி வைக்க ஒரு தட்டு. கால்மாடு கதவுப் பக்கம். எல்லாம் முடிந்ததும் அண்ணை ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா நித்திரை வரும்," என்றார். நான் தலையாட்டினேன்.

நவம்பர் கடைசியில் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு விடியப் புறப்பட்டேன். அழுகை வருமோ என்று கார்க் கண்ணாடியில் வீட்டைப் பார்த்தேன். ட்ரெய்லர்தான் தெரிந்தது.

குண்டகாய் என்ற ஊரைத் தாண்டி, மத்தியானம் போல, நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் இளைப்பாறும் இடமொன்றில் நிறுத்தினேன். அரைமணி நேரம் முதுகை நிமிர்த்தலாம் என்று கட்டிலில் ஏறிப் படுத்தேன். யன்னலால் வெயில் முகத்தில் விழுந்தது. ஸ்பிரிங்வேலில் இந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வெயில் வராதே என்று யோசித்தேன். தொலைபேசியை எடுத்துத் திசைகாட்டியைப் பார்த்தேன். என் தலை வடக்கே இருந்தது.

எழும்பிக் கட்டில் விளிம்பில் இருந்தேன். பிறகு அண்ணைக்கு அழைத்தேன்.

"அண்ணை, தலைமாடு இப்ப வடக்க."

"அதெப்பிடி? கிழக்கத்தானே வைச்சனாங்கள்."

"இப்ப றோட்டில நிக்கிறன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வருமட்டும் சிரித்தார். "அட மடையா, சில்லுப் பூட்டின வீட்டுக்குத் திசை பாத்த ஆக்கள் உலகத்தில நாங்கள் ரெண்டு பேர்தான்!" என்றார். ஒரு சாண் தள்ளி நிறுத்தியதைச் சொல்லி மறுபடி சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. "ஓம் அண்ணை, ஓம்," என்றேன்.

கெல்லிவில்லுக்கு வந்து சேர ஆறு மணி. வெயில் இன்னும் இருந்தது. மகளும் மருமகனும் வாசலில் நின்றார்கள். எனக்கு ட்ரெய்லரைப் பின்பக்கமாக ஓட்டிச் சொருக அவ்வளவு வராது. அதனால் நேரே ஏற்றி நிறுத்தி, காரைக் கழற்றிப் பக்கத்துப் புல்தரையால் வெளியே எடுத்தேன். முன்பக்கம் வீட்டைப் பார்க்க, கதவு தெருவைப் பார்க்க நின்றது. அது எனக்கு வசதிதான். கதவைத் திறந்தால் அவர்கள் வீட்டுக்குள் என் கண் போகாது.

"உள்ள வாங்க மாமா, முதல்ல காபி குடிங்க," என்றார் மருமகன்.

"கொஞ்சத்தால வாறன் தம்பி."

மகளின் முகம் சுருங்கியது. அவள் அறைக்குப் புது விரிப்பு விரித்து வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. "அப்பா, உண்மையா இதுக்குள்ளதான் படுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

நான் பெட்டிக்குள் ஏறித் திசை பார்த்தேன். வீட்டுப் பக்கம் சரியான வடக்கு. தலையணையை எடுத்துக் கால்மாட்டில், கதவோடு போட்டேன். அந்தப் பக்கம் யன்னலும் இல்லை, லைட்டும் இல்லை. படுத்தால் தலை கொளுக்கியில் இடித்தது.

மருமகன் காபியைக் கொண்டுவந்து கதவடியில் நின்றார். வீட்டுக்குள் வரச் சொல்லி மறுபடி கேட்கவில்லை. உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சூப்பரா பண்ணிருக்கீங்க மாமா. லைட்டு அங்க இருக்கு, தலகாணி ஏன் இந்தப் பக்கம்?"

"சும்மாதான்."

அவர் தொலைபேசியை எடுத்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வடக்கா? அய்யய்யோ, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டையே இடிச்சுத் திருப்பிக் கட்டச் சொல்வாங்க. இருங்க, இதத் திருப்பிடலாம்."

"வேண்டாம் தம்பி, பாரம்."

"மூணு பேர் இருக்கோம்ல?" என்று உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அப்பா! இட்ஸ் ஆன் வீல்ஸ்!" என்று தலையில் கை வைத்தாள். "இதை உங்களோட வேலை செய்யிற மாமாவும் சேர்ந்தோ அளந்தவர்?"

"ஓம். கிழக்குத்தான் பாத்து வைச்சனாங்கள்."

அவள் சிரித்துக்கொண்டே ஒரு மூலையைப் பிடித்தாள். நான் முன் கம்பியைப் பிடித்தேன். மருமகன் அலுவலகச் சட்டையோடு பின்னால் நின்று தள்ளினார். வாசலின் அகலம் மட்டுமட்டாகத்தான் இருந்தது. மகள் நட்ட ரோஜாச் செடி ஒன்று சில்லுக்குள் போய்விட்டது. "பரவாயில்ல, தள்ளுங்கோ," என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அரைவட்டம் அடித்து, முன்பக்கம் தெருவைப் பார்க்க நிறுத்தினோம். மருமகன் திசைகாட்டியைக் காட்டினார். தெற்கு. தெற்கு குற்றமில்லை.

தலையணையை மறுபடி தலைமாட்டில் போட்டேன். லைட்டைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. இப்போது கதவு வீட்டைப் பார்த்திருந்தது. எதிரே திறந்த கராஜ், அதற்கப்பால் குசினி. குசினிக் கதவு திறந்து கிடந்தது. மகள் மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகளை வைப்பது நான் கட்டிலில் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. மூன்று கோப்பை வைத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, சாப்பாடு ஆறுது."

"வாறன் பிள்ளை," என்றேன்.

குசினிக் கதவுக்குப் பன்னிரண்டு எட்டு இருக்கும். கட்டிலுக்குக் கீழே கிடந்த செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.