செங்கல் லாரிக்காரரின் கொட்டாவி

ராஜாங்கம் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார். சின்னசேலம் ரயில் நிலையத்துக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, தாடை கழன்றுவிடுமோ என்று நாம் பயப்படும் அளவுக்கு. முடித்ததும், கச்சேரி செய்து முடித்தவர் போலச் சுற்றிலும் ஒரு பார்வை. "கொட்டாவி வர்றது இன்னா சொகம் தெரியுமா சார்? நடுவுல எனக்கு அது மறந்தே பூட்டுது."

நான் கட்டும் வீட்டுக்குச் செங்கல் ஏற்றி வருபவர் அவர்தான். காலையில் வர வேண்டிய லோடு சாயங்காலம் வரும். கேட்டால், "கண்ண சொக்குச்சு, ஓரங்கட்டிட்டேன்" என்பார். கொஞ்சமும் வெட்கம் கிடையாது. மேஸ்திரி என்னைத் திட்டுகிறார். நான் ராஜாங்கத்தைத் திட்டப் போய், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன்.

போன வருஷம் வரை அவர் ஏற்றியது மரவள்ளிக்கிழங்கு. பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது, கறுத்துவிடும். விடியுமுன் மெட்ராஸ் கொத்தவால்சாவடியில் இறக்கியாக வேண்டும். உடனே திரும்பி அடுத்த லோடு. இதற்கு டிரைவர்களிடம் ஒரு வழி இருந்தது, முழிப்பு மாத்திரை. பீடிக்கு நெருப்புக் கொடுப்பது போல டீக்கடையில் ஒருவருக்கொருவர் நீட்டிக்கொள்வார்கள். வேண்டாமென்றால் மரியாதைக் குறைவு. ராஜாங்கத்துக்கு முதலில் ஒன்று போதுமாக இருந்தது. பிறகு போதவில்லை.

நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். என்ஜினை அணைத்த பிறகும் ஓடுகிறது என்று நினைத்துச் சாவியைத் தேடுவாராம். கூடவே சந்தேகம். மைல்கல்லெல்லாம் ஆள் குந்தியிருப்பது போலத் தெரிந்தது. மனைவி செவ்வந்தி சோறு போட்டால், "நீ மொதல்ல துண்ணு" என்று தட்டை அவள் பக்கம் தள்ளியிருக்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது. "எதனா கலந்துட்டாளோன்னு பயம் சார். ரசத்துல பூண்டு மெதந்தாக்கூட பயம்."

போன செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்ததே, அப்போது எலவனாசூர்கோட்டை அருகே லாரி மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு புளியமரம் வெட்டிக் கிடந்தது, பின்னால் இன்னொன்று. கோடாலி பிடித்தவர்கள் எல்லாரும் தன்னைத்தான் வெட்ட வருகிறார்கள் என்று ராஜாங்கம் கிழங்கு மூட்டைமேல் ஏறிக் கத்தினார். கத்திக்கொண்டே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். மறியல்காரர்களே இறக்கி நிழலில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பின்னால் நின்ற பஸ்ஸில் கிரேஸ் என்ற நர்ஸம்மா இருந்தது அதிர்ஷ்டம். நாடித் துடிப்பு நிதானத்துக்கு வரும்வரை அவர் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்புறம் வந்தது தூக்கம். பக்கத்து ஊரே வந்து மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கும் அளவுக்குத் தூங்கினார். எழுந்தபோது கிழங்கு கறுக்கத் தொடங்கியிருந்தது. "வீணாப் போறதுக்கு துண்ணுடலாம் வாங்க" என்று அவரே மூட்டையை அவிழ்த்துவிட்டார். ஊரார் அண்டா கொண்டுவந்தார்கள். மறியல்காரர்களும் பஸ் பயணிகளும் நடுரோட்டில் அவித்துத் தின்ற கதையை அவர் வாயால் கேட்க வேண்டும், நமக்கே பசிக்கும். மாத்திரை, சோற்றுத் தட்டு கதையெல்லாம் கேட்டுவிட்டு, கிரேஸ் கிழங்கை உரித்தபடியே சொன்னாராம்: "மாத்திர போட்டு நீங்க முழிச்சிக்கினு இருக்கீங்க. ஒங்க நெஞ்சுக்கு யாருங்க லீவு குடுக்கறது? இன்னொரு தபா இப்டி ஆனா நின்னே பூடும். அந்த சந்தேகமும் மாத்திர பண்ற வேலதான். வூட்டம்மாவ பழி சொல்லாதீங்க."

வழி திறந்ததும் செவ்வந்தியோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சில் கொஞ்சம் பழுது, இனி அந்த மாத்திரையைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். கிழங்கு லோடை விட்டார். "செங்கலு அழுவிப் பூடாது சார். ஒரு நா லேட்டா போனாலும் செங்கலு செங்கல்தான்." இப்போது செவ்வந்தி போடும் ரசத்தைக் குண்டானோடு காலி செய்கிறார். எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம். என் வீட்டுச் சுவர் பாதியில் நிற்கிறது, நிற்கட்டும்.

நேற்று பழைய கூட்டாளி சுப்புராயன் கிழங்கு லாரியோடு வந்தார். கண் செக்கச்செவேலென்று இருந்தது. பழக்கதோஷத்தில் மாத்திரையை முதலில் ராஜாங்கத்திடம் நீட்டினார். ராஜாங்கம் தலையாட்டி மறுத்தார்.

"இன்னாடா, ரொம்பத்தான் பண்ற?" என்றார் சுப்புராயன்.

ராஜாங்கம் அவர் நீட்டிய கையை மாத்திரையோடு சேர்த்துப் பிடித்து, சுப்புராயனின் நெஞ்சின் மேலேயே வைத்து அழுத்தினார். அது அடித்த அடியில் சட்டைப் பித்தான் ஆடியது எனக்கே தெரிந்தது. சுப்புராயன் முகம் மாறியது. ராஜாங்கம் எழுந்துபோய் லாரி நிழலில் தார்ப்பாயை விரித்தார். ஒரு ஓரமாக ஒடுங்கிப் படுத்துக்கொண்டு, காலியாக இருந்த மறுபாதியைக் கையால் தட்டினார்.