மாமனார் வீட்டு உத்திரமும் ஒரு குடைக் கம்பியும்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கிறிஸ்துமஸ் முடிந்து, ஜனவரி ஆறாம் தேதி வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்காகத் தென்காசியில் என் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு வேலை செங்கோட்டையில். பக்கத்து ஊர்தான் என்றாலும், மாப்பிள்ளை நினைத்தபோதெல்லாம் போய் நிற்க முடியுமா? திருநாள் என்று ஒரு சாக்கு கிடைத்ததும் காலை ரயிலைப் பிடித்துவிட்டேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பொருள் பழுதாகிக் கிடந்தால், ஏன் பழுதானது என்று பார்க்காமல் என் கை சும்மா இருக்காது. மாமனார் வீட்டிலோ மாப்பிள்ளைக்கு ஒரே வேலைதான். நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்பது. எவ்வளவு நேரம்தான் தின்பது? யாரும் பார்க்காத நேரத்தில் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்தேன். குற்றாலத்துக் காற்றில் மடங்கிப்போயிருந்த மாமியாரின் குடையைப் பிரித்து, முறிந்த கம்பியைக் கழற்றி மாற்றினேன். முறிந்த கம்பி என் சட்டைப் பையிலேயே இருந்தது. அது எதற்கு ஆகப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மதியச் சாப்பாடு முடிந்து ஜெபம் சொன்னதும் வாசலில் தொங்கும் நட்சத்திரத்தை இறக்குவது அந்த வீட்டு வழக்கம். மூங்கில் சிம்பில் வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே சின்ன விளக்கு வைத்த நட்சத்திரம். மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால் அந்த வருடம் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. முன்கூடத்து உத்திரம் சுவரைத் தாண்டித் தெருப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையில் அடித்த ஆணியில் நட்சத்திரம். அதே உத்திரத்தின் உள்பக்கம், சுவரை ஒட்டி, கயிறு போட்டுச் சேலையில் கட்டிய என் மகளின் தொட்டில்.

மாமனார் ஏணியைக் கொண்டுவந்து சாத்தியதுதான் தாமதம், நான் ஏறிவிட்டேன். மாமியார் பதறிப்போய் ஓடி வந்தார்.

“ஐயையோ, நீங்க எதுக்கு ஏறுதீய மாப்ள? தெருவுல பாக்கவுக எங்களத்தானே சிரிப்பாக?”

நான் காதில் வாங்கவில்லை. நட்சத்திரத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு, ஆணி துருப்பிடித்திருக்கிறதே, பிடுங்கிவிட்டால் அடுத்த வருடம் புதிது அடிக்கலாமே என்று குறடு கேட்டேன். குறடு வருவதற்குள் ஆணி கையோடு வந்துவிட்டது. வேலை சுலபமாக முடிந்தது என்று முதலில் சந்தோஷம்தான். பிறகுதான் மூளை குடைய ஆரம்பித்தது. இவ்வளவு நீள ஆணி, தேக்கு மரத்திலிருந்து விரலுக்கு வருமா? ஆணி இருந்த துளையிலிருந்து மாவு போல ஏதோ உதிர்ந்தது. பையிலிருந்த குடைக் கம்பியை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தேன். எங்கேயும் முட்டாமல் முழுக்கப் போய்விட்டது.

வெளியே பார்த்தால் உத்திரம் கன்னங்கரேலென்று மின்னுகிறது. காரணம் எனக்கு மெல்லப் பிடிபட்டது. கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது உத்திரத்தில் ஏறியிருக்கும் கரையான் மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, மேலே தார் பூசிவிடுவார்கள். கரையான் போய்விட்டதாக நினைப்பு. நீட்டிக்கொண்டிருந்த முனையோ வருடா வருடம் சாரலில் நனைந்து ஊறியது. கரையான் உள்ளே இருந்தபடி தின்றது. வெளியே தார்ப் பூச்சு மட்டும் மிச்சம்.

உள்ளே ஓடி, முக்காலி போட்டு, தொட்டில் கயிற்றுக்குப் பக்கத்தில் குத்தினேன். அங்கேயும் கம்பி உள்ளே போனது. தொட்டிலில் குழந்தை தூங்குகிறது.

“தொட்டில வேற இடத்துல கட்டணும் மாமா, உத்திரத்துக்குள்ள ஒண்ணுமில்ல,” என்றேன்.

சொன்ன பிறகுதான் கூடத்தில் இருந்தவர்களைக் கவனித்தேன். திருநாளுக்கு வந்த உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெண் கொடுத்த வீட்டைப் பெண் எடுத்தவன் நாலு பேர் நடுவில் குறை சொல்வது லேசான விஷயமா? “மாப்ளைக்கு நம்ம வீடு பிடிக்கல போலுக்கு,” என்றார் என் மனைவியின் சித்தி. மாமனாரின் முகம் கறுத்துவிட்டது.

“இது எங்க அப்பா போட்ட உத்திரம் மாப்ள. வருசா வருசம் என் கையால தார் பூசுதேன். நீங்க கீழ இறங்குங்க.”

இறங்கினேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. குழந்தையைத் தூக்கப் போனால் சண்டை, தூக்காவிட்டால் என்ன ஆகுமோ? அப்போது என் மனைவி அறையிலிருந்து வெளியே வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அவுக காரணமில்லாம சொல்ல மாட்டாக,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகளே அப்படிச் சொன்னதை மாமனாரால் தாங்க முடியவில்லை. “இங்கன பாருங்க, யானையக் கட்டினாலும் தாங்கும்,” என்று தொட்டில் சேலையை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார்.

மளுக்கென்று ஒரு சத்தம். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்ததும் சுவர் ஓரத்தில் உத்திரம் உடைந்து இறங்கியதும் ஒரே நேரம். பின்னாலேயே ஓடுகள் சடசடவென்று கொட்டின. தூசி அடங்கியபோது, தொட்டில் இருந்த இடத்தில் ஓடும் மண்ணும் குவிந்து கிடந்தன. மாமனாருக்குத் தோளில் சிராய்ப்பு மட்டும்தான். உள்ளே சத்தத்தில் விழித்துக்கொண்ட என் மகள் வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மாமனார் கையில் தொட்டில் சேலையின் ஒரு முனை இருந்தது. மறுமுனை குவியலுக்கு அடியில். அவர் அதையே பார்த்தபடி நின்றார். தலையெல்லாம் தூசி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, அந்தக் கம்பிய இங்கன குடுங்க.”

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முக்காலியைத் தூக்கினார். சமையலறை, சாமான் வைக்கும் அரங்கு, மாட்டுக் கொட்டகை என்று ஒன்று விடாமல் ஒவ்வொரு உத்திரமாகக் குத்திப் பார்க்கத் தொடங்கினார். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. நான் வாசலில் நுழைந்ததுமே மாமனார், “வாங்க மாப்ள, இந்தக் கதவு என்னன்னு பாருங்க,” என்பார்.

அந்தக் குழந்தைக்குக் கல்யாணமாகி எனக்கும் மாப்பிள்ளை வந்துவிட்டார். போன மாதம் அவர் என் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, “மாமா, இங்கன ஓதம் ஏறுது,” என்றார். நான் கட்டிய சுவராயிற்றே, சுருக்கென்று கோபம் வந்தது. வாய் திறப்பதற்குள், தொட்டில் சேலையைப் பிடித்தபடி தூசிக்குள் நின்ற என் மாமனார் கண்முன் வந்தார். உள்ளே போய், ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அவர் பார்க்க முக்காலியை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, அதன் காலை நான் பிடித்துக்கொண்டேன்.