ஹாமருக்கும் தோட்டாவுக்கும் நடுவில் ஒரு தகடு

துப்பாக்கி ரிப்பேர் செய்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் அரை அடி தள்ளி உட்காருவார்; அடுத்த நிமிஷம், "நீங்க யாரையாச்சும் சுட்டிருக்கீங்களா?" என்பார். அரியலூரில் சர்க்கார் லைசென்ஸோடு கடை வைத்திருக்கிறேன். சுடக்கூடாத நேரத்தில் துப்பாக்கி சும்மா இருக்கவேண்டும். என் வேலையில் பாதி அதற்காகத்தான். மிக்ஸி, மோட்டார் என்று நீங்கள் எதை ரிப்பேர் செய்பவராக இருந்தாலும் என் கஷ்டம் புரியும். பொருளைச் சரி பண்ணிவிடலாம், அதைக் கொண்டுவருகிறவரை என்ன செய்வது?

காலித் துப்பாக்கி

கடைக்குள் நுழைந்ததும் மணல் நிரப்பிய டிரம் ஒன்று இருக்கும். யார் வந்தாலும் துப்பாக்கியை அந்த டிரம்மை நோக்கிப் பிடித்தபடிதான் வெளியே எடுக்கவேண்டும். பெரம்பலூர் நகைக்கடைக்காரர் ஒருவர் பிஸ்டலோடு வந்தார். "காலிங்க, இதெல்லாம் எதுக்கு" என்று சலித்துக்கொண்டே, டிரிகர் எவ்வளவு இறுகிவிட்டது என்று காட்ட, டிரம்மைப் பார்த்து ஒரு இழுப்பு இழுத்தார். கடையே அதிர்ந்தது. என் டீயில் மணல் விழுந்தது.

தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றினாலும் குழலில் ஏற்கெனவே ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும்; அதை மறந்துவிட்டார். காது அடைத்துப்போய் நின்றவர் சொன்னது: "மேகசின வூட்டுலயே கழட்டி வச்சிட்டுதானுங்க வந்தேன், இது எப்புடி வந்துச்சு?"

சந்தனம்

செந்துறைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் கோவிந்தசாமி ஐயாவிடம் பழைய ரிவால்வர் ஒன்று உண்டு. அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். அதற்கும் அவர் கொண்டுவரும் முந்திரிப் பருப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரமே, டிரிகர் சிக்குகிறது என்று வந்துவிடுவார். திறந்தால் உள்ளே காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்பிக்கிடக்கும். தோட்டாவைப் போய் அடிக்கிற ஹாமரை ஒரு சின்னக் கொக்கிதான் பிடித்துவைக்கிறது. சந்தனம் அடைத்தால் அது பாதிதான் மாட்டும்; லேசாகத் தட்டினாலே நழுவிவிடும். பொட்டை உறைமேல் வையுங்கள் ஐயா என்று வருஷா வருஷம் கெஞ்சுவேன். அவர் நிதானமாகக் கேட்பார்: "பூச துப்பாக்கிக்கா, உறைக்கா தம்பி?"

லேசாகவும் கெட்டியாகவும்

போன பூஜைக்குப் பிறகு வந்தவர், விரல் முட்டி வலிக்கிறது, டிரிகரை லேசாக்கிக் கொடுங்கள் என்றார். எனக்குத் திக்கென்றது. அந்த ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டு மொபெட்டில் தோப்புக்குப் போகிறவர் அவர். கொக்கி வேறு தேய்ந்துபோயிருந்தது. பார்க்கலாம் ஐயா, வைத்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பினேன்.

மறுநாளே அவர் மனைவி செல்லம்மா பஸ் பிடித்து வந்துவிட்டார். இரண்டு கையாலும் இழுக்கமுடியாதபடி டிரிகரை இறுக்கிவிட வேண்டுமாம், அவருக்குத் தெரியக்கூடாதாம். மாட்டுக் கொட்டகையில் இரண்டு தடவை ரிவால்வர் இடுப்பிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. இரண்டு தடவையும் உள்ளே தோட்டா இல்லாததால் தப்பித்தார். "மூணாவது தடவ தொடையிலயோ வயித்துலயோ பாஞ்சா யாருங்க தூக்கிட்டு ஓடுறது? எனக்கு அந்த மனுசன் வேணும் தம்பி."

தகடு

இரண்டு பேர் சொன்னதையும் நான் செய்யவில்லை. தேய்ந்த கொக்கியை மாற்றினேன். கூடவே அந்த மாடலுக்கென்று இப்போது வருகிற ஒரு தகட்டையும் பொருத்தினேன். ஹாமருக்கும் தோட்டாவுக்கும் நடுவில் அது நிற்கும். டிரிகரை முழுசாக இழுத்தால்தான் விலகும். ஐயாவிடம் விளக்கினேன். தலையாட்டினார், ஆனால் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். அடுத்து வந்த தேர்தலுக்கு ஐயா தோட்டாவை எடுக்க மறந்து, அங்கே போய் இடுப்பிலிருந்து ரிவால்வரை உருவியிருக்கிறார். கை நழுவி, ஹாமர் தரையில் மோத விழுந்திருக்கிறது. ரசீது எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் மேஜைக்கு அடியில் போய்விட்டாராம். ஒன்றும் ஆகவில்லை.

தேர்தல் முடிந்து ரிவால்வர் கைக்கு வந்த அன்றே இருவரும் கடைக்கு வந்தார்கள். செல்லம்மா முந்திரிப் பையை என் கையில் வைத்தார், கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஐயா முகம் மட்டும் சரியில்லை. ரிவால்வரை ஒழுங்காக டிரம் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவ்ளோ வேகமா வுழுந்துச்சு, உள்ள தோட்டாவும் இருந்துச்சு, ஒண்ணுகூட வெடிக்கல. என்னமோ கெடுத்துட்டீங்க தம்பி, பாத்து சரி பண்ணிக் குடுங்க."

இத்தனை வருஷத்தில் நான் செய்ததிலேயே ஒழுங்கான வேலை அதுதான், புகார் வந்ததும் அதற்குத்தான்.