பட விழா வாசலில் பாஸ் கேட்டவன்

வாசலில் நிற்கிறவனுக்கு வேலை ஒன்றுதான்: உள்ளே போகிறவன் முறைப்பான், வெளியே வருகிறவன் திட்டுவான், இரண்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கேயாவது கேட்டில் நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

பனியன் கம்பெனி கேட்டில் பல வருஷம் நின்றேன். இப்போது அதே பனியன் ஊரில், ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிற்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உலகப் பட விழா. காலையிலிருந்து சாயங்காலம் வரை படம். விழா நடத்திய வாத்தியார் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம்: பாஸ் இல்லாமல் விடாதே, படம் ஆரம்பித்த பிறகு யாரையும் விடாதே. இரண்டும் நடக்கவில்லை.

பொங்கலூர்க்காரர்

முதல் படம் ஓடி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பட்டு வேட்டி கட்டிய ஒருத்தர் உள்ளேயிருந்து வெளியே வந்தார். அவர் எப்போது உள்ளே போனார் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்கப் போன நேரமாக இருக்கும். பொங்கலூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவராம். கல்யாணம் அடுத்த தெரு மண்டபத்தில். இவர் இங்கே உட்கார்ந்து பாலைவனத்தில் ஒட்டகம் நடப்பதைப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, பொண்ணும் வரல, மாப்பிள்ளையும் வரல, வீடியோவைப் போட்டே ஒப்பேத்தறாங்க. பந்தியாவது உண்டுங்களா?"

சந்திராவின் காய்ச்சல்

பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் சந்திரா. விருதுநகர்ப் பக்கத்துக்காரி, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் வேலை, தைத்து வருகிற பீஸில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது. பாஸ் வைத்திருந்தாள். ஆனாலும் உள்ளே போகவில்லை. "தாத்தா, நாலு மணிப் படத்துல நான்தான் நடிச்சிருக்கேன்" என்றாள். நடித்தால் நடித்துக்கொள், எனக்கென்ன என்றேன்.

விஷயம் அதுவல்ல. ஷூட்டிங் நடந்த மூன்று நாளும் காய்ச்சல் என்று கம்பெனியில் லீவு சொல்லியிருக்கிறாள். ஷிப்மென்ட் நெருக்கடியான வாரம் அது. விழாவுக்கு உதவி செய்த புண்ணியவான் யார் என்று பார்த்தால், அவளுடைய முதலாளியே. நாலு மணிக்கு அவர் வரப்போகிறார். அந்தப் படத்துக்கு மட்டும் அவரை உள்ளே விடாதீர்கள், பார்த்தால் வேலை போய்விடும் என்று கையைப் பிசைந்தாள். பொய் சொல்லி லீவு போட்டது உன் தப்பு என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரு சொன்னா பொய்னு? கேமரா முன்னால நிக்கையில உடம்பு அப்படிக் கொதிச்சுச்சு, தாத்தா!"

பதினோரு மணி

பதினோரு மணிக்கு மொத்தக் கூட்டமும் எழுந்து வெளியே வந்தது. படம் பாதிதான் ஓடியிருக்கிறது. பேசி வைத்துக்கொண்டது கிடையாது. மணி பார்த்ததும் கிடையாது. இந்த ஊரில் பதினோரு மணிக்குக் கால் தானாக டீக்கடைக்குப் போகும். அந்தப் படத்தை எடுத்தவர் மதராசிலிருந்து வந்திருந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்து முகம் செத்துப்போய், வாசலில் பனியன் துணி வெட்டுகிற ஒரு கட்டிங் மாஸ்டரைப் பிடித்து, படம் அவ்வளவு மோசமா என்று கேட்டார். மாஸ்டர் அவர் தோளில் கை போட்டார்.

"அட, படம் அருமைங்க. டீ குடிச்சுட்டு வந்தர்றோம், அது வரைக்கும் நிறுத்தி வைங்க. நீங்களும் வாங்க, பஜ்ஜி சூடா இருக்குது."

முன்வரிசைச் சிரிப்பு

மத்தியானம் பீகார்ப் பக்கத்துப் படம் ஒன்று. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது, படிப்பதற்குள் மறைகிறது. முன்வரிசையில் மூன்று பீகார்ப் பையன்கள், டையிங்கில், சாயப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் சிரித்தால் மண்டபமே சிரித்தது. அவர்கள் மூக்கை உறிஞ்சினால் மண்டபமே உச்சுக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் திரையை விட்டுவிட்டு அந்த மூன்று பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:

"பையா, கொஞ்சம் சத்தமாச் சிரிங்க, பின்னாடி கேக்கல!"

முதலாளி

நாலு மணிப் படம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் கழித்து முதலாளி வந்தார். சந்திரா உள்ளே கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கதவை மறித்தேன். பாஸ் கேட்டேன். பாஸ் அச்சடித்துக் கொடுத்ததே நான்தான் என்றார். படம் ஆரம்பித்துவிட்டது, ரூல் என்றேன். காபி சாப்பிடுகிறீர்களா என்றேன். நானா காபிக்குக் கூப்பிட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சிரித்தார்.

"ரூலை மதிக்கோணுமுங்க பெரியவரே. ரெண்டு நிமிஷம் நிக்கறேன். அப்புறம் நீங்க என்னை மதிச்சு ஒதுங்கோணும்."

ஒதுங்கினேன்.

மூணாவது பீஸ்

நானும் பின்னாலேயே போய் நின்றேன். திரையில் சந்திரா செக்கிங் டேபிளில் பனியன் பார்க்கிறாள். ஊரில் அம்மா செத்துப்போன சேதி வந்திருக்கிறது. சூப்பர்வைசரிடம் சொல்லாமல், அழுதுகொண்டே பீஸ் பீஸாகத் தள்ளுகிறாள். என் பக்கத்தில் நின்றவன் கண்ணைத் துடைத்தான். நான் துடைக்கவில்லை. அப்புறம் துடைத்தேன்.

விளக்கு எரிந்தது. படம் எடுத்த பையன் மேடையேறி, "சந்திரா அக்கா மூணு நாள் கம்பெனிக்கு லீவு போட்டு வந்து நடிச்சாங்க, எல்லாரும் கை தட்டுங்க" என்றான். நாசமாய்ப் போச்சு. கூட்டம் தட்டியது. முதலாளி திரும்பினார். முக்காட்டைக் கண்டுபிடித்தார். நேராக வந்து நின்றார்.

"காய்ச்சல் எப்படி இருக்குது கண்ணு?"

அவள் எழுந்து நின்றாள்.

"அழுகை நல்லா இருந்துது. ஆனா மூணாவது பீஸ், தோள்பட்டைகிட்ட ஓட்டை. கையில எடுத்துப் பாத்துட்டே நல்ல பீஸ் பக்கம் போட்டுட்டயே?"

அவ்வளவுதான், அவள் முக்காட்டை இழுத்துத் தள்ளினாள். "துக்கத்துல கவனிக்காம விட்ட மாதிரி சீனுய்யா அது! ஓட்டைப் பீஸை விட மாட்டேன்னு படம் எடுத்த அந்தத் தம்பிகிட்ட எத்தனை சண்டை போட்டேன் தெரியுமா? என் டேபிள்ல இருந்து இதுவரைக்கும் ஒரு பீஸ் ஓட்டையோட போயிருக்கா? சொல்லுங்க!"

முதலாளி மோவாயைத் தேய்த்தார்.

"போகலதான். நாளைக்கு எட்டரைக்கு வந்துரு. அடுத்த காய்ச்சல் எப்பன்னு மட்டும் முன்னாடியே சொல்லீரு கண்ணு, டேபிளுக்கு வேற ஆள் போடோணும்."

ஆளைத் தடுக்கத்தான் வாசலில் ஒருத்தனை நிறுத்துகிறார்கள். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, தடுக்க முடியாமல் போனதுதான்.