ரிசல்ட்டுக்கு முன்பே சொன்ன ஸ்தோத்திரம்

சகோதர சகோதரிகளே, சாட்சி சொல்ல எழுகிறவர்கள் பெரும்பாலும் நோயில் ஆரம்பிப்பார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. நான் பரீட்சையில் பெயிலானேன், அவ்வளவுதான். இதற்கெல்லாம் ஒரு சாட்சியா என்று சிரிக்காமல் கேளுங்கள். 1984-ஆம் வருடம் எங்கள் வீடு இழவு விழுந்த வீடு போலக் கிடந்தது, அந்தப் பெயிலால்தான்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மானாவாரி நிலம், கேழ்வரகும் நிலக்கடலையும் போடுவோம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாங்கள், அதனால் அப்பாவை நாயனா என்போம். எங்கள் சின்ன ஜெபக்கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போலத் தெலுங்குக்காரர்கள், பாதிப் பேர் தமிழர்கள். ஆந்திரா பக்கமிருந்து பிரசங்கியார் வந்து தெலுங்கில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்வது நாயனாதான். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் குரல். அந்தக் குரல் என்னால் அடைத்துப் போனது.

பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தேன். தர்மபுரிக் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்தால், எல்லாமே இங்கிலீஷ். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். நோட்ஸைப் பக்கம் பக்கமாக உருப்போட்டேன். நடுவில் ஒரு வார்த்தை நழுவினால் அதற்குப் பிறகு உள்ளது எல்லாம் நழுவிவிடும்.

ஹாஸ்டலில் இருந்த வகுப்புத் தோழன் ஒருவன் எல்லாவற்றிலும் முதலாக வருவான். வாய் அசையாமல், சத்தமே இல்லாமல் படிப்பான். அவனுடைய டைம்டேபிளைக் கொடுத்து, "இதயே ஃபாலோ பண்ணுடா, போதும்" என்றான். கலர் பென்சிலில் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவனுக்கு மாடு இல்லை, பஸ் இல்லை. எனக்கு விடிந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அப்புறம் ரோட்டுக்கு நடக்க வேண்டும், பஸ் வந்தால் வந்தது. ஒரு பாடத்துக்கான நேரம் தவறினால் அன்றைய நாளே பாழ் என்று நினைத்து, மிச்ச நேரத்தில் புதிய டைம்டேபிள் போட உட்காருவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்தக் கூடத்தையே இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாயனா சபையில் எழுந்து நின்றார்.

"எம் மவன் பாஸ் ஆயிட்டானுங்க. ரிசல்ட்டு இன்னும் வரல. ஆனா கர்த்தர் எனக்குக் காட்டிட்டாருங்க. இப்பவே ஸ்தோத்திரம் சொல்லிக்கிறனுங்க."

கூடம் முழுக்க அல்லேலூயா. கைதட்டல். பேப்பரில் நான் எழுதியது எனக்கல்லவா தெரியும்?

ஜூன் மாதம் கல்லூரி போர்டில் ரிசல்ட் ஒட்டினார்கள். மூன்று பேப்பர் போயிருந்தது.

நாயனா கொல்லைக்காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாடுகளை நிறுத்தி, என்னைப் பார்த்து, "போயி சாப்புடு" என்றார். பிறகு ஏரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு முதல் அவர் கதவோரம் உட்கார ஆரம்பித்தார். பாட்டுப் பாடவில்லை. சாட்சி நேரம் வந்தால் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். காரிமங்கலம் சந்தையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எல்லார் காதிலும் விழ, "ஏனுங்க, உங்க சாமி பாஸுன்னு காட்டுச்சாமே, வேற எவன் நம்பரையாச்சும் காட்டிருச்சோ?" என்றார். நாயனா குனிந்து மூட்டையைக் கட்டினார். கூட நின்ற எனக்கு அங்கேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அந்த இரண்டு மாதத்தை எப்படிச் சொல்வது? சோறு இறங்கவில்லை. புத்தகத்தைத் திறந்து உடனே மூடிவைப்பேன். நான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று தினமும் நினைத்தேன். உபவாசம் இருந்து பார்த்தேன். வெறும் வயிற்றில் உள்ள பாடமும் மறந்தது. "ஆண்டவரே, என்னைப் பெயிலாக்கினீர், சரி. உம்மை நம்பிய மனுஷனை ஏன் தலைகுனிய வைத்தீர்?" என்று கேட்டு அழுதேன். என் ஜெபம் கூரையைத் தாண்டவில்லை என்றே நினைத்தேன். அக்டோபரில் அரியர் பரீட்சை. அதிலும் போனால் படிப்பை விட்டுவிட்டு, எங்கள் பக்கத்துப் பையன்களைப் போல பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது என்று முடிவு செய்தேன். கடைசியில் ஜெபிக்க வார்த்தையே வரவில்லை. "முடியல ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடும்.

ஆகஸ்டில் சபையில் மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். தெலுங்குப் பிரசங்கியார் வந்துவிட்டார். மொழிபெயர்க்க நாயனாவைக் கூப்பிட்டார் எங்கள் பாஸ்டர். நாயனா எழுந்திருக்கவில்லை.

"தொண்ட சரியில்லீங்க ஐயா."

தொண்டைக்கு ஒன்றுமில்லை என்று பாஸ்டருக்கும் தெரியும். அவர் பார்வை என் மேல் விழுந்தது. "தம்பி, நீ வாப்பா" என்றார். பெயிலானவன் முன்னால் போய் நிற்பதா? ஆனாலும் போனேன்.

பிரசங்கியார் ஒரு வரி சொல்வார், நான் ஒரு வரி சொல்வேன். உருப்போட நேரமே இல்லை. புரிந்தால் வாயில் வந்தது, புரியாவிட்டால் திக்கியது. எங்கள் வீட்டு நிலைமை எதுவும் தெரியாத அந்த மனிதர் நடுவில் ஒன்று சொன்னார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தமிழ்க்காரர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரம் இருந்த நாயனா தலையை நிமிர்த்தி, 'சொல்லு' என்பது போல அசைத்தார். சொன்னேன்.

"மழைக்கு முன்னாடி ஏர் ஓட்டுறவன் விசுவாசி. மழைக்கு முன்னாடியே அறுவடைக்கு ஆள் கூப்புடுறவன் அவசரக்காரன்."

என் கண் நிறைந்துவிட்டது. பிரசங்கியார் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அன்று மாடு கன்று போட்டதால் அம்மா கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனதும், "இன்னைக்கு என்னாடா சொன்னாரு?" என்று கேட்டாள். அவள் கேட்டது தெலுங்கில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கதை, உதாரணம், நடுவில் அவர் இருமி நிறுத்திய இடம் வரை ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நாலு வரி நோட்ஸ் நிற்காத தலையில் முழுப் பிரசங்கமும் நின்றிருக்கிறது! கன்றுக்குட்டியின் பக்கத்திலேயே முழங்கால் போட்டு அழுதேன். இரண்டு மாதமாகக் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. என்னைச் சிலை மாதிரி உட்கார்ந்து படிக்கிறவனாகக் கர்த்தர் படைக்கவில்லை. ஒரு மொழியில் வாங்கி இன்னொரு மொழியில் சொல்கிறவனாகப் படைத்திருக்கிறார்.

டைம்டேபிளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். விடிந்ததும் இங்கிலீஷில் ஒரு பகுதி படிப்பேன். புத்தகத்தை மூடிவிட்டு, அம்மா பால் கறக்கும்போது அதைத் தெலுங்கில் சொல்வேன். பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் தமிழில் எனக்கே சொல்லிக்கொள்வேன். சாயங்காலம் அம்மா களி கிண்டும்போது இங்கிலீஷில் எழுதிப் பார்ப்பேன். வேலையோடு பாடத்தைச் சேர்த்துக் கட்டியதும், போதாத நேரம் போதுமானதாயிற்று. அம்மா கொட்டாவி விட்டால் எனக்கே சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். ஒரு நாள், "வேரு தண்ணிய உறியுதுங்கறியே, அதுக்கு வாயா இருக்குது?" என்றாள். உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுவதைக் காட்டி, உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் தானாகவே போகும் என்று விளக்கினேன். அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

வழியில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறவனைப் பார்த்து, "பெயிலாயி பையனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு பாவம்" என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆனால் பயம் போகவில்லை. நாயனாவும் பேசவில்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று, "எப்படி எழுதுன?" என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்கப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் ரிசல்ட் வந்தது. மூன்றிலும் பாஸ்.

பின்னால் பட்டம் வாங்கினேன், வாத்தியாரானேன். உங்கள் வீட்டிலும் படிப்பு ஏறாமல் விழிக்கும் பிள்ளை இருக்கலாம். அவனை அடுத்த வீட்டுப் பிள்ளையின் அச்சில் வார்க்காதீர்கள். முழங்காலில் நின்று, "இவனை எப்படிப் படைத்தீர், காட்டும் ஆண்டவரே" என்று கேளுங்கள். எனக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார். பதில் தாமதமானால் சோர்ந்து போகாதீர்கள். எனக்கும் தாமதமாகத்தான் வந்தது.

பாஸ் ரிசல்ட் வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். சாட்சி நேரம் வந்தது. நான் எழுவதற்குள் கதவோரமிருந்து நாயனா எழுந்துவிட்டார். முன்னால் வந்து நின்றார். ஆறு மாதமாகக் கேட்காத குரல்; முதலில் கம்மியது, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏர் ஓட்டியாச்சுங்க. மழ பேஞ்சிருச்சுங்க. அறுத்து வூட்டுக்குக் கொண்டாந்தாச்சுங்க. இப்பச் சொல்லலாமில்லீங்க, ஸ்தோத்திரம்?"

கடைசி வரிசை வரை கேட்டது.