கூட யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க

புற்றுநோயாளிகளின் மனநிலையை ஆராய்வது என் வேலை. "முதன்முதலில் எப்போது பயம் வந்தது?" என்று எல்லாரையும் கேட்பேன்.

பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஸ்கேன் சென்டரிலிருந்து போன் செய்து, "கூட யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொன்னபோது.

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் எனக்கே அந்தப் போன் வந்தது.

"மேடம், உங்க ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சி. நாளைக்குக் காலையில வர்றப்ப கூட யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க."

"எதுக்கும்மா?"

"எல்லார்கிட்டயும் அப்டித்தான் மேடம் சொல்றோம்."

போன தடவை ரத்தப் பரிசோதனைக்கு அப்படிச் சொல்லவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதிலிருந்து சிதம்பரத்தில் இறங்கும்வரை போனை எடுப்பதும் பையில் போடுவதுமாகவே வந்தேன்.

நாளை காலை யாருக்கு வேலையில்லை? "ஒண்ணும் இருக்காது" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்கள் மட்டும் கமெண்டில் கை தூக்கவும்.