ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த ரைஃபிள்

எஸ்டேட் சூப்பர்வைசர் வேலைக்குப் புதிதாகப் போகிற பையன்கள் சிலர் என்னிடம் வந்து உரம், மருந்து, நிழல் மரம் என்று கேட்டுப் போகிறார்கள். துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அதனால் என் உயிரே போகப் பார்த்தது.

1. அச்சு அசல்

எழுபதுகளின் கடைசியில் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் இருந்தேன். முதலாளி போடிக்காரர். சிலமலைப் பக்கம் வயலும் உண்டு. காட்டுப்பன்றித் தொல்லை பொறுக்காமல், பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து ஒரு ரைஃபிள் வாங்கினார். லைசென்ஸில் ரிடெய்னர் என்று என் பெயரையும் சேர்த்திருந்தார். அதாவது, அவருக்குப் பதிலாக நான் அதை எடுத்துப் போகலாம், தேவைப்பட்டால் சுடலாம்.

வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் இருந்த த்ரீ நாட் த்ரீ ரைஃபிளைப் போலீஸ்காரர் தோளில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோட்டா சட்டப்படி நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது. அதனால் அதே போல்ட், அதே மேகஸின் வைத்து, தோட்டா அளவை மட்டும் மாற்றி, நம் நாட்டிலேயே புதிதாகச் செய்து விற்றார்கள். த்ரீ ஒன் ஃபைவ் என்போம்.

புது போல்ட் முரடு. தோட்டா ஏற்ற அதை இழுத்துத் தள்ளுவதற்குள் உள்ளங்கை சிவந்துவிடும். முதல் தோட்டா சுட்டதும் என் தோள்பட்டை கன்றிப்போயிற்று. ஆனால் கட்டித் தொங்கவிட்ட டின்னின் நடுவில் ஓட்டை. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"பட்டாளத்து ரைஃபிளுய்யா. அச்சு அசல்" என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

2. துரு

மழைக்காலத்தில் அங்கே மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். தீக்குச்சி பிடிக்காது. உப்பு கரைந்துவிடும். பங்களா அலமாரியில் வைத்த ரைஃபிள் குழாயில் துரு ஏறிவிட்டது. எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் திரும்ப ஏறியது.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் கருப்பையா அண்ணன். ஸ்டோர் என்றால் ஏலக்காய் காய வைக்கும் அறை. வெளியே அடுப்பு எரியும். சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும். எத்தனை விறகு, எவ்வளவு சூடு என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். காய் பச்சை நிறம் மாறாமல் காய்ந்து வந்தால் அது அவர் சாமர்த்தியம். எங்கள் போர்வை, பீடிக்கட்டு, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் அவர் தயவில்தான் காய்ந்தன. மலையில் எல்லா எஸ்டேட்டிலும் இதுதான் வழக்கம்.

"எங்கிட்டக் கொண்டாங்க மொதலாளி" என்றார் அண்ணன். "மனுசன் துணி காயுது, இது காயாதா? பூட்டும் ரெட்டப்பூட்டு."

ஏலக்காய் விலைக்கு ஸ்டோர்தான் எஸ்டேட்டிலேயே பத்திரமான அறை. முதலாளி யோசிக்காமல் கொடுத்துவிட்டார். நானும் சரி என்றேன். சூடு வரும் தகரக் குழாய்களுக்கு மேலே ஒரு பரண் அடித்து, கோணி விரித்து, அண்ணன் அதைப் படுக்க வைத்தார். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பொட்டுத் துரு இல்லை. பக்கத்து எஸ்டேட்காரர்கள் வந்து பார்த்துவிட்டு மெச்சினார்கள்.

3. கீழ்க்காடு

அடுத்த காய் எடுப்பில் ஒரு கொம்பன் பன்றி கீழ்க்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளின் தொடையைக் கிழித்துவிட்டது. ஏலக்காய் செடியின் அடியில், மண்ணோடு மண்ணாகத்தான் காய்க்கும். குத்தவைத்துக் குனிந்துதான் எடுக்க வேண்டும். தையல் பிரித்துத் திரும்பி வந்த பேச்சியம்மாள் எல்லோர் சார்பிலும் என்னிடம் பேசினார்.

"குனிஞ்சா எங்களுக்கு மண்ணுதான் தெரியும் தம்பி. பன்னி வர்றது தெரியாது. நீ துப்பாக்கியோட நின்னாத்தான் நாங்க எறங்குவோம்."

பன்றியைச் சுட அனுமதி வாங்கியிருந்தோம். பெண்கள் எனக்குப் பின்னால் காய் எடுக்க, நான் முன்னால் ரைஃபிளோடு நின்றேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பச்சைக்காய் மூட்டையைத் தூக்கிப் போக கருப்பையா அண்ணன் இறங்கி வந்திருந்த நேரம், எதிரே செடி விலகிப் பன்றி வந்து நின்றது. கல்லெறி தூரம்தான். தோளைப் பார்த்துச் சுட்டேன். வலது பக்கம் தள்ளி நின்ற மரத்தில் பட்டை தெறித்தது. பன்றி நேராக என்னைப் பார்த்து வந்தது. போல்டை இழுத்து மறுபடி சுட்டேன். அதுவும் வலப்பக்கம் போயிற்று.

மூன்றாவதுக்கு நேரம் இல்லை. ஓட நினைத்து வேரில் இடறி விழுந்தேன். அப்போது என் தலைக்கு மேலே ஒரு மூட்டை பறந்து போய்ப் பன்றியின் முகத்தில் விழுந்தது. அண்ணன் வீசியது. பன்றி அந்தச் சாக்கைக் குத்திக் கிழித்துக் காயை வாரி இறைத்தது. அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்து மரத்துக்குப் பின்னால் தள்ளினார். தள்ளின கையைப் பன்றி போகிற போக்கில் ஒரு மோது மோதிவிட்டு ஓடையில் இறங்கிப் போயிற்று.

அவருக்கு இடது முன்கை முறிந்திருந்தது. எனக்குச் சிராய்ப்பு மட்டும்.

4. மதுரையில்

போடி ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கட்டுப் போட்டார்கள். பார்க்க வந்த பக்கத்து எஸ்டேட்காரரிடம் தாத்தா காலத்துச் சீமை ரைஃபிள் ஒன்று உண்டு. அதனால் பேச்சுக்குக் குறைவில்லை.

"டூப்ளிகேட்டு வாங்குனா இப்படித்தான். சீமச் சரக்கு சீமச் சரக்குதான்" என்றார்.

முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். என் பாடு அதைவிட மோசம். சூப்பர்வைசர் மேகத்தைச் சுட்டார் என்று பெண்கள் சிரித்தார்கள். மறுபடி டின் கட்டிச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று பாக்கியில்லாமல் வலப்பக்கம் போயிற்று. என் கை இல்லை, ரைஃபிள்தான் என்று முதலாளியிடம் காட்டினேன். ரைஃபிளை மதுரைக்கு எடுத்துப் போனோம்.

மதுரைத் துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் பார்ப்பவர் ஸ்க்ரூ கழற்றிக் கட்டையைப் பிரித்தார். குழாய்க்கு அடியில் இருக்கும் முன்கட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத எங்க வச்சிருந்தீங்க?"

"ஏலக்காய் ஸ்டோர்ல" என்றேன்.

"அதான். கட்டை காஞ்சு முறுக்கிக்கிட்டு குழாய ஒரு பக்கமா நெட்டுது. குண்டு எப்பிடி நேரா போகும்? ரைஃபிள்ல ஒரு குத்தமும் இல்லைங்க. பட்டாளத்து ரைஃபிள் எப்படியோ அப்படியேதான் செஞ்சிருக்கு. அதையே கொண்டுபோய் அங்க வச்சாலும் இந்தக் கதிதான். புதுக்கட்டை போட்டுத் தர்றேன்."

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று என் முதுகில் தட்டினார். பக்கத்து எஸ்டேட்காரரிடம் என்னென்ன சொல்லப் போகிறார் என்று பஸ் ஏறும்வரை எனக்கு ஒத்திகை காட்டினார். உசிலம்பட்டி தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா, இது கருப்பையாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"நம்மாலதான்னு மலைய விட்டு எறங்கிருவாரு மொதலாளி. அந்த ஆளு மனசு தாங்காது."

"குடுத்தவன் நானு. அவன் நல்லதுன்னுதான் செஞ்சான். ஒன் உசுரையும் காப்பாத்திருக்கான்." என் பக்கம் திரும்பி, "நீ வாயத் தெறக்காத. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

5. முதலாளி சொன்னது

புதுக்கட்டையோடு ரைஃபிள் வந்த நாள், ஸ்டோர் வாசலில் காய் எடை போட்டுக்கொண்டிருந்தோம். பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு அண்ணனும் உட்கார்ந்திருந்தார். பக்கத்து எஸ்டேட்காரர் இதற்கென்றே நடந்து வந்திருந்தார்.

"என்ன சொன்னான் மதுரைக்காரன்?"

"நீங்க சொன்னதுதான்ண்ணே" என்றார் முதலாளி. "டூப்ளிகேட்டு. சரியில்லாத சரக்கு. நான்தான் ஏமாந்துட்டேன். ஏதோ சரி பண்ணிக் குடுத்திருக்கான், பாப்போம்."

நான் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப மறுபடி பரண்ல வச்சிரவா மொதலாளி?" என்று அண்ணன் எழுந்தார்.

"வேணாம்ப்பா. லைசென்ஸ்காரன் கையிலதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. பங்களாவுல இருக்கட்டும். நீ கையப் பாரு, வெரசா சோலிக்கு வரணும்ல."

அதன் பிறகு ரைஃபிளைத் தினமும் எண்ணெய்த் துணியால் துடைப்பது என் வேலையாயிற்று. அந்த வருஷமே கொம்பனை ஒரே தோட்டாவில் விழ வைத்தேன். பிறகும் அது பிசகியதே இல்லை. ஆனால் முதலாளி அதை வெளியே சொல்ல விடவில்லை. போடியில் ஏலக்காய் வாங்க விற்கக் கூடுகிற இடத்தில் யாராவது, "என்ன, மேகத்தச் சுடுற துப்பாக்கி சௌக்கியமா?" என்று கேட்பார்கள். அச்சு அசல் என்று மலை முழுக்கச் சொன்ன அதே மனிதர் கூடவே சிரித்துவிட்டு வருவார். எண்பதுகளில் அவர் காலமாகும்வரை அந்தக் கேலி ஓயவில்லை.

தொழில் பாடம் சின்னது. கட்டை போட்ட துப்பாக்கியை ஈரத்திலும் வைக்காதீர்கள், அடுப்புச் சூட்டிலும் வைக்காதீர்கள். இன்னொரு பாடத்தை முதலாளி எனக்குச் சொல்லித் தரவில்லை. செய்தார், நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கீழே வேலை பார்த்த யாரையும் பத்துப் பேர் முன்னால் நிறுத்திக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலாளி காரியத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கருப்பையா அண்ணனும் நானும் ஒரே ஜீப்பில் வந்தோம். கோணலாகச் சேர்ந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி வந்தார்.

"புள்ளையாட்டம் காய வச்சுப் பாத்தேன் தம்பி. அந்தப் பாழாப்போன துப்பாக்கி அவர எத்தன பேரு முன்னால தலகுனிய வச்சிருச்சு."

"ஆமாண்ணே" என்றேன். அந்தக் கோணல் கையைப் பிடித்துக்கொண்டேன். குரங்கணி வரும்வரை விடவில்லை.